பொதுக் கருவிகளின் சரிபார்ப்பு: வாசகர் கேள்வி பதில்

பணியிடத்தில் பலர் கைமாற்றிப் பயன்படுத்தும் கருவிகளைக் காலமுறைப்படி சரிபார்ப்பது குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவை என்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை நீக்கி, ஊர்களை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: சிறு ரப்பர் விவசாயிகளான நாங்கள் ஒன்றுசேர்ந்து ஷீட் அடிக்கும் இடம் ஒன்றை நடத்துகிறோம். ரோலர்கள், அலுமினியத் தட்டுகள், எடை மெஷின், புகைக்கூடம் எல்லாம் எங்களுக்குப் பொது. ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று கணக்கெடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். ஒரு பொருளும் குறைந்ததில்லை. ஆனால் பால்வெட்டு மீண்டும் தொடங்கியதும் ஏதாவது ஒன்று ஓடாமல் நின்றுவிடுகிறது. எங்கள் கணக்கெடுப்பில் என்ன குறை?
குலசேகரம் வாசகர்

பதில்: உங்கள் கணக்கெடுப்பு, பொருள் இருக்கிறதா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. ரோலர் எங்கும் போய்விடாது. அதைத் தூக்கிச் செல்ல நான்கு பேர் வேண்டும். நாளை காலை பால் உறைந்து கட்டியானதும் அதை நம்பி உள்ளே தள்ள முடியுமா என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கான விடை பதிவேட்டில் இருக்காது. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே சரிபார்ப்பு நாளில் ஈரமான ஒரு கட்டியை உண்மையிலேயே ரோலரில் விட்டு எடுங்கள். வெளிவரும் ஷீட்டின் இரு ஓரங்களையும் விரல்களால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் இருந்தால் உருளைகளுக்கு இடையிலான இடைவெளி இரு முனைகளிலும் ஒன்றாக இல்லை என்று பொருள். தடித்த ஓரம் புகைக்கூடத்தில் முழுமையாகக் காயாமல் வெள்ளைத் திட்டாக நின்று, தரம் பிரிக்கும்போது அந்த ஷீட்டைக் கீழே தள்ளிவிடும். உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் சட்டத்தையும் போல்ட்டுகளையும் மெதுவாக அரிப்பதால், அடித்தளத்தின் ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானர் வைத்துத் திருகிப் பார்ப்பது அவசியம். பற்சக்கரங்களின் மூடி இடத்தில் இருக்கிறதா என்பதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். எண்ணெய் போடக் கழற்றிய மூடி மூலையிலேயே கிடந்து துருப்பிடிக்கும் காட்சி பல இடங்களில் உண்டு. மோட்டாரில் ஓடும் ரோலர் என்றால், ஷீட்டை உள்ளே தள்ளுகிறவர் நின்ற இடத்திலிருந்தே எட்டக்கூடிய தூரத்தில் நிறுத்தும் சுவிட்ச் இருக்க வேண்டும். கை சிக்கினால் மறுகைக்கு அது எட்டாவிட்டால், அந்த சுவிட்ச் இருந்தும் பயனில்லை.

தட்டுகளை எண்ணுவதோடு விடாமல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் ஊசித்துளைகள் தெரிந்துவிடும். எடை மெஷினில் தெரிந்த எடையுள்ள கல் ஒன்றை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். இந்த மெஷினை வைத்துத்தான் உறுப்பினர்களின் ரப்பருக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்றால், மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறை தொழிலாளர் துறையின் மறுமுத்திரை கட்டாயம். பாலின் அடர்த்தியைப் பார்க்க மெட்ரோலாக் வைத்திருந்தால், ஒரே பாலின் இரண்டு மாதிரிகளை எடுத்து ஒன்றை மெட்ரோலாக்கிலும் மற்றொன்றை ஆய்வகத்திலும் சோதித்து ஒப்பிடுங்கள். உறுப்பினர்களுக்கிடையே மனக்கசப்பு வருவதற்குத் திருட்டைவிட இந்தக் கண்ணாடிக் குழாய்தான் அதிகம் காரணமாகிறது என்பது என் கணிப்பு. புகைக்கூடத்தில் அடுப்புக்கு மேலே உள்ள தகடும் வலையும் ஓட்டையில்லாமல் இருக்கின்றனவா, ஷீட் தொங்கும் கம்புகள் உளுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கம்பு முறிந்து ஷீட் நெருப்பில் விழுந்தால் ஒரு நாள் உழைப்பு மட்டுமல்ல, கூடமே போய்விடும்.

இனி நாள். மார்ச் 31 கணக்குப்பிள்ளைக்கு வசதியான நாளே தவிர ரோலருக்கு வசதியான நாள் அல்ல. நம் பக்கத்தில் ஜனவரிப் பிற்பகுதியில் இலை உதிரத் தொடங்கி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெரும்பாலான தோட்டங்களில் வெட்டுக்கு ஓய்வு விடப்படுகிறது. ஓய்வு முடியும் நாளில் சரிபார்த்துக் கோளாறு கண்டுபிடித்தால், அதைச் சரிசெய்யும் நாட்கள் வெட்டு நாட்களாகிவிடும். ஓய்வு தொடங்கும் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். லேத் பட்டறைக்கு அனுப்பவும் உதிரி வாங்கவும் இரண்டு மாதம் கிடைக்கும். மார்ச் 31 கணக்கெடுப்பையும் விட வேண்டியதில்லை. அது தொகைக்கானது, இது இயந்திரத்துக்கானது.

இன்னொன்று. சாவி வைத்திருப்பவர் சரிபார்க்கக் கூடாது. அவர் நேர்மையற்றவர் என்பதால் அல்ல. தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதில்லை என்பதால்தான். ரோலரைப் பயன்படுத்தும் விவசாயி ஒருவரும், வேறொரு குழுவிலிருந்து வரும் ஒருவரும் பார்க்கட்டும். சாவிக்காரர் உடனிருந்து கதவைத் திறந்துவிட்டால் போதும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் செயின் பிளாக், கிரைண்டர், டிரில்லிங் மெஷின், ஏணிகள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்?
ஆரல்வாய்மொழி வாசகர்

பதில்: எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சில கருவிகளுக்குச் சட்டமே இடைவெளி வகுத்திருக்கிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி, பாரம் தூக்கும் இயந்திரங்களையும் சங்கிலி, கயிறு போன்றவற்றையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், லிஃப்ட், ஹாய்ஸ்ட் போன்றவற்றை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் தகுதி பெற்ற நபர் முழுமையாகப் பரிசோதித்துச் சான்று தர வேண்டியிருந்தது. உங்கள் பட்டறை எந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது என்பது தனிக் கேள்வி. வராவிட்டாலும் இந்த இடைவெளியை அளவுகோலாகக் கொள்வதில் தவறில்லை. செயின் பிளாக்கில் தூக்கக்கூடிய அதிகபட்ச பாரம் எத்தனை டன் என்ற எழுத்து அழிந்துபோயிருந்தால், சங்கிலி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, பூட்டு நாக்கு ஸ்பிரிங்கோடு மூடுகிறதா என்பதை மாதந்தோறும் நீங்களே பார்க்கலாம்.

கிரைண்டருக்கும் ஏணிக்கும் மாதக் கணக்கே பொருந்தாது. அவற்றை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் எடுக்கிறவர் பார்க்க வேண்டும். கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் சுழற்சி வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் கல்லைப் பொருத்தவே கூடாது. அதைப் படித்துப் பார்க்காமலே கல் மாற்றுகிறவர்கள் அதிகம். மாதாந்தரச் சரிபார்ப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது, அந்த அன்றாடப் பார்வை உண்மையில் நடக்கிறதா என்பதைத்தான்.

கேள்வி: அலுவலகப் பொருட்களில் எண் எழுதி ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாதி உரிந்துவிட்டன. வேறு வழி உண்டா?
நாகர்கோவில் வாசகர்

பதில்: தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. காகித ஸ்டிக்கர் இங்கே நிற்காது. மரச்சாமான்களுக்குப் பெயிண்டால் எழுதுவதும், இரும்புக் கருவிகளுக்கு எண் அச்சு (பஞ்ச்) வைத்து அடிப்பதும், கைக்கருவிகளுக்கு எண் பொறித்த சிறு அலுமினியத் தகட்டைக் கம்பியால் கட்டுவதும் பழைய முறைகள்தாம், ஆனால் நிற்கின்றன. மின்சாதனங்களின் உறையில் மட்டும் துளையிடவோ பஞ்ச் அடிக்கவோ கூடாது. அவற்றுக்குப் பிளாஸ்டிக் லேபிளை, கை படாத, வெப்பம் வராத பின்பக்கத்தில் ஒட்டுங்கள்.

எண்ணைவிட முக்கியம் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதுகிறீர்கள் என்பது. வாங்கிய தேதி, விலை, கடை ஆகியவற்றை எல்லாரும் எழுதுகிறார்கள். எந்த அறையில் இருக்க வேண்டும், யார் பொறுப்பு, கடைசியாக எப்போது பழுது பார்த்தோம் ஆகிய மூன்றும் பெரும்பாலான பதிவேடுகளில் இருப்பதில்லை. பொறுப்பு என்ற கட்டத்தில் ‘அலுவலகம்’ என்று எழுதாமல் ஒரு மனிதரின் பதவியை எழுதுங்கள்.

கேள்வி: முந்திரி ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பொதுக் கருவிகளைச் சரிபார்க்கப் போகிறோம் என்றாலே தொழிலாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். தங்களைத் திருடர்கள் ஆக்குவதாக நினைக்கிறார்கள். போதாததற்கு, காணாமல் போன கருவிகளின் விலையை எல்லாரின் சம்பளத்திலும் சமமாகப் பிடித்துவிடலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. நான் என்ன செய்ய?
தக்கலை, பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: இரண்டாவது விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனெனில் முதலாவதற்குக் காரணமே அதுதான். சம்பளத்தில் சமமாகப் பிடிப்பது சட்டப்படி நிற்காது. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் இடத்தை எடுத்துக்கொண்ட 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்தப் பிடித்தத்துக்கு ஒரே வரம்பைத்தான் வைத்திருக்கின்றன: பொருள் குறிப்பிட்ட ஒரு தொழிலாளியிடம் பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்; இழப்பு அவருடைய கவனக்குறைவால் அல்லது தவறால் நேரடியாக நேர்ந்திருக்க வேண்டும்; பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். பொதுவில் கிடக்கும் கருவி யாரிடமும் ஒப்படைக்கப்படாதது. அது போனதற்கு எல்லாரின் சம்பளத்திலும் கை வைப்பது, ஒப்படைக்கத் தவறிய நிர்வாகம் தன் கடமையைத் தொழிலாளர் தலையில் ஏற்றுவதாகும். இதை நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லுங்கள்; வாய்மொழியாகச் சொன்னால் உங்கள் கருத்தாகப் போய்விடும், எழுத்தில் கொடுத்தால் அலுவலகக் கோப்பில் ஏறிவிடும்.

அபராதத்தால் வரும் இன்னொரு கேட்டைக் கணக்குப் பார்ப்பவர்கள் காண்பதில்லை. உடைந்ததற்குப் பணம் கட்ட வேண்டும் என்றால், உடைந்த கருவி ஒருபோதும் வெளியே வராது. விரிசல் விட்ட பிடி துணி சுற்றிய நிலையில் மறுபடியும் தட்டில் வந்து உட்காரும். அடுத்த ஷிஃப்டில் வரும் அம்மாவின் கையில் அது முறியும். முந்திரி உடைக்கும் இடத்தில் தோட்டு எண்ணெய் பட்டாலே தோல் பொத்துப்போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கே கிழிந்த கையுறையை மறைக்க வைக்கும் எந்த விதியும் கெட்ட விதி. சரிபார்ப்புக்கு முன்பு ஒரு வாரம் விட்டு, பழுதான எதையும் யாரும் கேள்வியில்லாமல் கொண்டுவந்து வைக்கலாம் என்று ஒரு மேசையைப் போட்டுவையுங்கள். அந்த மேசையில் சேர்வதே உங்கள் தணிக்கையின் பாதியாக இருக்கும்.

முன்னறிவிப்புக் கொடுக்கலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். கருவியின் நிலையைப் பார்ப்பதற்கு அறிவித்துவிட்டே போகலாம். நீங்கள் வருவதை அறிந்து அவர்கள் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு வைத்தால் நோக்கம் நிறைவேறியதென்றுதானே பொருள்? கையுறை, பிளேடு, பல்பு போன்ற தீரும் பொருட்களின் இருப்பை மட்டும் சொல்லாமல் பார்ப்பது முறை. அதையும் கிடங்குப் பொறுப்பாளரிடமிருந்து தொடங்க வேண்டுமே தவிரத் தொழிலாளரின் பையிலிருந்து அல்ல. சரிபார்க்கும் குழுவில் தொழிலாளர் ஒருவரைக் கட்டாயம் சேருங்கள். எந்தக் கத்தி எந்த நாளில் மழுங்கியது என்பது அவருக்குத்தான் தெரியும். “மக்கா, அது போன மாசமே போயிட்டு” என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார். நீங்கள் அரை நாள் தேடுவது மிச்சம்.

கேள்வி: எங்கள் ஊர் ஆழ்கடல் விசைப்படகுகள் வாரக் கணக்கில் கடலில் தங்குபவை. படகின் பாதுகாப்புக் கருவிகள் எல்லாருக்கும் பொது என்பதாலேயே யாரும் பார்ப்பதில்லை. எதை, எப்போது பார்க்க வேண்டும்?
தூத்தூர் வாசகர்

பதில்: எப்போது என்பதற்கு அரசே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது. மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் என்பது நமக்கு மட்டும் உரிய விசித்திரம். படகு கரையேறி நிற்கும் இந்த நாட்களில் மரவேலையும் பெயிண்டும் என்ஜின் பழுதும் நடக்கின்றன. பாதுகாப்புக் கருவிகள்தாம் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகின்றன. வரிசையை மாற்றுங்கள். பேட்டரியும் மருந்துப் பெட்டியும் வாங்கப் பணம் கையில் இருக்கும் முதல் வாரத்தில் அவற்றைப் பாருங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது நம் கரையோர ஊர்கள் கண்டதை விவரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு படகுகளில் கருவிகள் கூடியிருக்கின்றன. அவற்றின் நிலையைப் பார்க்கும் பழக்கம் அதே வேகத்தில் கூடியதா என்பது படகுக்குப் படகு மாறும்.

உயிர்காப்பு அங்கிகளை எண்ணும்போது, பதிவுச் சான்றில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடாமல், இந்தப் பயணத்தில் ஏறப்போகும் தலைகளோடு ஒப்பிடுங்கள். வலையும் ஐஸ் பெட்டியும் மேலே ஏற்றப்பட்டு நசுங்கிய அங்கியின் நுரை மிதக்கும் தன்மையை இழந்திருக்கும். ஒருவர் அதை அணிந்து துறைமுகத்து நீரில் இறங்கிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. பட்டை, கொக்கி, விசில் மூன்றும் இருக்க வேண்டும். விஎச்எஃப் வயர்லெஸ்ஸை 16ஆம் சானலில் கேட்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பேசிச் சோதிப்பதை வேறொரு சானலில் வைத்துக்கொள்ளுங்கள். 16 அபாய அழைப்புக்கு உரியது. அபாய அறிவிப்புக் கருவியின் பேட்டரி காலாவதித் தேதியையும், ஒளிச்சமிக்ஞைக் குழல்களின் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். தீயணைப்பான் தூள் வகை என்றால் அளவுமானியின் முள் பச்சையில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு வகையில் அளவுமானியே இருக்காது, எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி, வாயுவின் எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். உப்புக் காற்றில் சிலிண்டரின் அடிப்பாகம்தான் முதலில் துருப்பிடிக்கும். தாங்கியிலிருந்து கழற்றி அடியைப் பாருங்கள்.

யார் பார்ப்பது என்றால், படகை நடத்தும் ஸ்ராங்கு ஒருவரே என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஆயிரம் வேலை. வயர்லெஸ்ஸுக்கு ஒருவர், அங்கிகளுக்கு ஒருவர், தீயணைப்பானுக்கும் மருந்துப் பெட்டிக்கும் ஒருவர் என்று பிரித்து, அவர்களுடைய பெயரை வீல்ஹவுஸ் சுவரில் எழுதிவிடுங்கள். பக்கத்துப் படகின் ஆட்கள் வந்து உங்கள் படகைப் பார்க்கட்டும், உங்கள் ஆட்கள் அங்கே போகட்டும். அண்ணாச்சி, மாமா என்று பழகும் ஊரில் ஒருவர் குறையை ஒருவர் சொல்வது கடினம் என்பார்கள். தாளில் எழுதிக் கொடுத்தால் அந்தச் சங்கடம் பாதி குறையும்.

கேள்வி: சுயஉதவிக் குழுப் பெண்கள் பத்துப் பேர் ஒரு தையல் கூடம் நடத்துகிறோம். எலக்ட்ரீஷியனை மாதாமாதம் கூப்பிட வசதியில்லை. நாங்களே எதைச் சரிபார்க்கலாம்?
திங்கள்நகர் வாசகி

பதில்: எதையும் கழற்றாமல் பார்க்கக்கூடியவை நிறைய உண்டு. முதலில் மெயின் போர்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள்; மனித உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அதிலுள்ள ‘டி’ என்ற பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே கரண்ட் போக வேண்டும். போகாவிட்டால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். அப்படிப்பட்ட கருவியே போர்டில் இல்லை என்றால், புதுத் தையல் மெஷின் வாங்கச் சேர்த்த பணத்தில் முதலில் இதை வாங்கிப் பொருத்துங்கள்.

அடுத்து அயர்ன் பாக்ஸ். பலர் கைமாறும் பொருளில் வயர் முறிவது பிளக் அருகிலும் பாக்ஸின் கழுத்தருகிலும்தான். அந்த இரண்டு இடத்தையும் விரல்களால் மடக்கிப் பாருங்கள், ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகு. மூன்றாவது பெரிய முனை உடைந்த பிளக்கை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். எர்த் அதன் வழியாகத்தான் போகிறது. 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அயர்ன் பாக்ஸும் இரண்டு மெஷினும் ஒன்றாகச் செருகியிருந்தால், அந்தப் பெட்டி தொட்டால் கையைச் சுடும் நிலைக்கு வரும் முன்பே பிரித்துவிடுங்கள். மெஷின்களில் பெல்ட் மூடி, ஊசிக் காப்பு ஆகியவற்றைப் பாருங்கள். கத்தரிக்கோல்கள் துணிக்கு வேறு, காகிதத்துக்கு வேறு என்று நூல் கட்டிப் பிரித்துவிட்டால் கூடத்தில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும் என்று இத்தகைய குழுக்களில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. பள்ளிச் சீருடை ஆர்டர்கள் வரும் மே மாதத்துக்கு முன்பு, ஏப்ரலில் ஒருமுறை மட்டும் மெக்கானிக்கை வரவழைத்து எல்லா மெஷின்களையும் ஒன்றாகச் சர்வீஸ் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தேனீ வளர்ப்போர் குழுவுக்குப் பொதுவான தேன் எடுக்கும் இயந்திரத்தையும் ஈரப்பதம் பார்க்கும் கருவியையும் எப்போது சரிபார்ப்பது?
மார்த்தாண்டம் வாசகர்

பதில்: டிசம்பரில். ரப்பர் மரம் புதுத்தளிர் விட்டு, அந்த இலைக்காம்பில் தேன் சுரக்கும் பருவம்தான் உங்கள் பெரிய வரத்து. அது தொடங்கிய பிறகு இயந்திரம் ஒரு வீட்டில் ஒரு நாளுக்கு மேல் தங்காது, பார்க்க நேரமும் இராது. பீப்பாயின் உட்பக்க வெல்டிங்கில் துரு, கூடையின் கம்பிகளில் முறிவு, மேலே உள்ள பற்சக்கரத்திலிருந்து கிரீஸ் உள்ளே சொட்டும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். ஈரப்பதம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரைத் தண்ணீரை வைத்துச் சரிபார்க்க முடியாது, ஏனெனில் தேனுக்கான அளவுகோலில் தண்ணீரின் எண்ணே வராது. கருவியோடு தந்த அளவுத்திருத்தத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். உணவுப் பாதுகாப்பு விதிகள் தேனில் அனுமதிக்கும் ஈரப்பதம் அதிகபட்சம் 20 சதவீதம் என்பதால், கருவி ஒரு புள்ளி தவறினாலும் ஒரு வீட்டின் தேன் நியாயமில்லாமல் ஒதுக்கப்படும். இயந்திரம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது கழுவி, உலர்த்தி, வாங்குகிறவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே போக வேண்டும்.

கேள்வி: கல்லூரி ஒன்றின் நூலகத்திலும் ஆய்வகத்திலும் பல்லாயிரம் பொருட்கள். ஒவ்வொன்றையும் ஆண்டுதோறும் எண்ணத்தான் வேண்டுமா?
குளச்சல் வாசகர்

பதில்: வேண்டியதில்லை. மத்திய அரசு அலுவலகங்களுக்கான 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளே நூலகங்களுக்கு இதில் தளர்வு தருகின்றன: 20,000 நூல்கள் வரை ஆண்டுதோறும் முழுமையாக; 20,000 முதல் 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும்; அதற்கு மேல் மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும். ஓராண்டில் படிக்கக் கொடுத்த ஒவ்வோர் 1,000 நூலுக்கும் ஐந்து நூல் இழப்பு நியாயமானது என்றும் அதே விதிகள் ஏற்றுக்கொள்கின்றன. பலர் கைபடும் பொருளில் சிறிது குறையும் என்பதை அரசு விதியே ஒப்புக்கொண்டிருப்பதைத் தக்கலை வாசகரின் நிர்வாகம் படித்துப் பார்க்கலாம்.

மாதிரி எடுக்கும்போது இரு திசையிலும் போங்கள். பதிவேட்டில் சில எண்களைக் குறித்துக்கொண்டு அந்தப் பொருட்களைத் தேடுங்கள். பிறகு அலமாரியில் சில பொருட்களை எடுத்துக்கொண்டு அவற்றின் எண்களைப் பதிவேட்டில் தேடுங்கள். முதலாவது, காணாமல் போனதைக் காட்டும். இரண்டாவது, நன்கொடையாக வந்தும் பதிவேட்டில் ஏறாத மைக்ரோஸ்கோப்பைக் காட்டும். எந்தப் பொருட்கள் என்று தேர்ந்தெடுப்பது சரிபார்ப்பவராக இருக்க வேண்டும், கிடங்குப் பொறுப்பாளராக அல்ல.

கேள்வி: சரிபார்ப்பில் பழுதென்று கண்டுபிடித்த பழைய கணினி, யுபிஎஸ் பேட்டரி எல்லாம் ஆண்டுக் கணக்கில் ஒரே மூலையில் கிடக்கின்றன. என்ன செய்வது?
பூதப்பாண்டி வாசகர்

பதில்: பழுது என்று எழுதிய நாளிலேயே, பழுதுபார்ப்பதா கழிவு செய்வதா என்று முடிவெடுக்கும் நாளையும் எழுதிவிடுங்கள், ஒரு மாதம் போதும். கழிவு செய்வதென்றால் கணினியின் ஹார்டு டிஸ்க்கை முதலில் அழித்துவிட வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மொத்தமாகக் கழிக்கும் நிறுவனங்கள் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர் அல்லது மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது முறையல்ல. யுபிஎஸ் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிடாமல், கடைசிக் கட்டத்தில் ரசீது எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். அந்தப் பொருளின் எண்ணை இனி வேறெந்தப் பொருளுக்கும் கொடுக்க வேண்டாம்.